வாராந்தர டாங்கோ பிராக்டிகா: பத்துப் பேரை வைத்துத் தொடங்குவது எப்படி

டாங்கோ வகுப்பில் நாலு மாதமாக ஆடுகிறீர்கள். பத்துப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். ஆனால் வகுப்பு முடிந்ததும் அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இப்படி இருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நடையும் திருப்பமும் இதில் கிடையாது, அதற்கு உங்கள் ஆசிரியர் இருக்கிறார். அந்தப் பத்துப் பேரும் வாராவாரம் பிராக்டிகாவுக்கு, அதாவது வகுப்புக்கு வெளியே சேர்ந்து ஆடிப் பழகுவதற்கு, தேடி வருகிற கூட்டமாக மாறுவது எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இடம்

பெரிய மண்டபம் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் ஐரிஸில் வில்லா உர்கீசா என்ற பகுதியில் சன்டர்லேண்ட் என்று ஒரு பேட்டை விளையாட்டுக் கழகம் உண்டு. அங்கே மிலோங்கா, அதாவது டாங்கோ ஆடும் கூட்டம், நடப்பது கூடைப்பந்துத் தளத்தில். அதே ஊரின் பெல்கிரானோ பகுதியில் உள்ள லா க்ளோரியேத்தா, பூங்காவில் நிற்கிற ஒரு வட்ட மண்டபம். நாலு பக்கமும் திறந்த அந்த இடத்தில் கட்டணம் இல்லாமல் ஆடுகிறார்கள். ஊரில் சும்மா கிடக்கும் பொது அறை எதுவானாலும் போதும்.

தரைதான் முக்கியம். கார்ப்பெட் வேண்டவே வேண்டாம். சிமெண்டுத் தரை என்றால் ரப்பர் அடிப்பாகம் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பிவிடும், கால் திரும்பாது, மறுநாள் முட்டி வலிக்கும். தோல் அடிப்பாகம் கொண்ட செருப்போ ஷூவோ நல்லது. இல்லாதவர்கள் ஷூவின் முன்பாதிக்கு மேல் பழைய சாக்ஸை மாட்டிக்கொள்ளட்டும், அருமையாக வேலை செய்யும். தரையில் பவுடர் தூவுவதை நான் அனுமதிப்பதில்லை. ஓர் இடம் வழுக்கும், இன்னோர் இடம் பிடிக்கும், விழுந்தால் இடுப்பு போகும்.

நாற்காலிகளைச் சுவரோரமாக, எதிரெதிரே பார்க்கும்படி போடுங்கள். விளக்கை ரொம்பக் குறைக்காதீர்கள், எதிர்ப்பக்கம் இருப்பவரின் கண் தெரிய வேண்டும். ஏன் என்பது கீழே வரும்.

நாள், காசு

ஒரே கிழமை, ஒரே நேரம். இரண்டே பேர் வந்தாலும் நடத்துங்கள். வாடகைக்கு வாசலில் ஒரு தொப்பி வையுங்கள், முடிந்ததைப் போடட்டும். புவனோஸ் ஐரிஸிலும் பல இடங்களில் இதே தொப்பி முறைதான். மாதக் கடைசியில் கணக்கை எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இசைக்கு என்ன கருவி

லேப்டாப், கேபிள், ஒரு நல்ல ஸ்பீக்கர். ப்ளூடூத் வேண்டாம். போன் அழைப்பு வந்தால் பாதிப் பாட்டில் இசை அறுந்துபோகும். நாம் பெரும்பாலும் போடுகிற, 1935 முதல் 1950 வரையிலான டாங்கோப் பதிவுகள் எல்லாமே மோனோ (ஒற்றைத் தட ஒலி) என்பதால், இரண்டு ஸ்பீக்கர் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

விண்டோஸில் பாட்டுப் போட நான் ஃபூபார்2000 என்ற மென்பொருள் தவிர வேறெதையும் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த பதிவுகளில் ஒன்று கத்தும், அடுத்தது முணுமுணுக்கும். அதிலுள்ள ரீப்ளேகெய்ன் வசதி எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆல்பம் வாரியாக வேண்டாம், பாட்டு வாரியாகப் போடுங்கள். ஒரு பாட்டு தேய அடுத்தது ஏறுகிற வசதியை அணைத்துவிடுங்கள். டாங்கோவை முடிக்கும் கடைசி இரண்டு தாளத் தட்டு ஆடுகிறவர்களுக்குச் சொந்தம், அதன்மேல் எதுவும் ஏறக் கூடாது.

ஸ்ட்ரீமிங் செயலிகளில் காட்டும் ஆண்டு, பெரும்பாலும் தொகுப்பு வெளியான ஆண்டு. பதிவான ஆண்டைத் தெரிந்துகொள்ள எல் ரெகோதோ இணையதளத்தில் தேடுங்கள். இசைக்குழு, பாடகர், பதிவான தேதி மூன்றும் கிடைக்கும்.

தாண்டாவும் கோர்த்தினாவும்

எங்கள் குழு பல வாரம் நகராமல் நின்றது இந்த இடத்தில்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தாண்டா என்பது மூன்று அல்லது நான்கு பாட்டுகள் கொண்ட ஒரு தொகுதி. ஒரே இசைக்குழு, ஒரே பாடகர், ஏறக்குறைய ஒரே காலம். தி சார்லி இசைக்குழுவின் 1940ஆம் ஆண்டுப் பதிவையும் 1954ஆம் ஆண்டுப் பதிவையும் ஒரே தாண்டாவில் கலந்தால் ஆடுகிறவர்களின் கால் குழம்பும், வேகமும் வேறு, ஒலியும் வேறு. வழக்கமான வரிசை: இரண்டு டாங்கோ தாண்டா, ஒரு வால்ஸ் (மூன்று தட்டுத் தாளம்), மறுபடி இரண்டு டாங்கோ, ஒரு மிலோங்கா (இங்கே கூட்டம் இல்லை, அதே பெயர் கொண்ட துள்ளலான இசை வகை). டாங்கோ தாண்டாவை நாலு நாலாகப் போட்டால் ஒரு சுற்று ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். பத்துப் பேர் கூட்டத்துக்கு மும்மூன்றாகவே போடுங்கள், ஜோடி சீக்கிரம் மாறும்.

இரண்டு தாண்டாவுக்கு நடுவே ஒலிக்கும் துண்டு இசைதான் கோர்த்தினா. அது ஒலித்தால் எல்லாரும் நன்றி சொல்லி, தளத்தைக் காலிசெய்து உட்கார வேண்டும். எங்கள் பிராக்டிகாவில் யாரும் உட்காரவில்லை. நடுவில் நின்றபடியே பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்த தாண்டா தொடங்கும், அதே ஜோடி தொடர்ந்து ஆடும். ஓரத்தில் மூன்று பேர் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அடுத்த வாரம் அந்த மூவரும் வர மாட்டார்கள்.

காரணம் ஆட்களிடம் இல்லை. நாங்கள் வைத்திருந்த கோர்த்தினா மெல்லிய கிடார் இசை, கால் நிமிடம்கூட ஓடாது. இன்னொரு பாட்டு என்றே காதுக்குப் பட்டது. அதை மாற்றி, டாங்கோவுக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஆரவாரமான பித்தளை பேண்ட் இசையைப் போட்டோம், முக்கால் நிமிடத்துக்குக் குறையாமல். இரவு முழுக்க அதே துண்டு. நடத்துகிறவர் முதல் ஆளாகப் போய் உட்கார வேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம். அன்றைக்கே தளம் காலியாகத் தொடங்கியது. தளம் காலியானால்தான் யார் யாரைப் பார்க்கிறார் என்பது தெரியும். அதற்குத்தான் எதிரெதிர் நாற்காலியும் வெளிச்சமும்.

கண்ணால் பார்த்து, தலையசைத்து ஆட அழைப்பதுதான் கபெசேயோ. விருப்பமில்லை என்றால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் முடிந்தது. யாருக்கும் மனவருத்தம் இல்லை. புதிதாக வருகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆடினால் அந்தத் தாண்டா முடிகிற வரைக்கும் ஆட வேண்டும். அது முடிந்தால் கோர்த்தினாவே இருவரையும் மரியாதையாகப் பிரித்துவிடும். முன்பின் தெரியாத இருவர் ஒன்பது நிமிடம் நெருங்கி ஆடிவிட்டுச் சங்கடமில்லாமல் விலக முடிகிறது, அரை மணியில் அடுத்தவரோடும் ஆட முடிகிறது. கூட்டம் கூடுவதற்குக் காரணம் இதுதான், வகுப்போ விளம்பரமோ இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

*சேர்த்தது:* கண்ணாடி கழற்றிவிட்டு ஆடுகிறவர்களுக்கு எதிர்வரிசை தெரிவதில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். நியாயம். நாற்காலிகளை இரண்டு நீளச் சுவர்களின் ஓரமாக மாற்றிப் போடுங்கள், எதிர்வரிசைக்கு இடையே அறையின் குறைந்த அகலம் மட்டுமே இருக்கும்.

*இன்னொன்று:* பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு, என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். எல்லாருக்கும் இரண்டு பங்கையும், அதாவது நடத்துவதையும் தொடர்வதையும், கற்றுக்கொடுங்கள். பழைய புவனோஸ் ஐரிஸின் பிராக்டிகாக்களில் ஆண்கள் ஆண்களோடுதான் பழகினார்கள்.

முதல் பட்டியல்

தாரியென்சோ இசைக்குழுவின் 1935 முதல் 1938 வரையான பதிவுகளில் தொடங்குங்கள். அதில் வாசித்த பியாஜியின் பியானோ தாளத்தை நறுக்கென்று காட்டும், புதியவர் காலும் தானாக நடக்கும். பிறகு அனிபல் த்ரோய்லோ இசைக்குழுவும் பாடகர் ஃபியோரெந்தினோவும், தகோஸ்தினோ இசைக்குழுவும் பாடகர் வர்காஸும். 1950களின் தி சார்லி மெதுவான நடைக்கு. புக்லியேசே இசைக்குழுவைக் கடைசி மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், எல்லாரும் சூடேறியிருப்பார்கள். நவீன எலக்ட்ரானிக் டாங்கோவைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுவது என் கட்சி.

தளத்தில்

எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள், முந்தக் கூடாது, பின்னால் கால் வீசக் கூடாது. ஆடுகிறவருக்கு நடுத்தளத்தில் பாடம் எடுக்காதீர்கள், ஓரமாகப் போய்ச் சொல்லுங்கள்.

முடிப்பது

கடைசிப் பாட்டு லா கும்பர்சீத்தா. மான்டிவிடியோக்காரர் ஹெரார்தோ மாத்தோஸ் ரொத்ரீகெஸ் இயற்றியது. அது ஒலித்தால் அன்றைய மிலோங்கா முடிகிறது என்று எங்கும் தெரியும், தனியாக அறிவிக்கத் தேவையில்லை. வெளியாட்களை அழைக்க டிசம்பர் 11 நல்ல நாள், அர்ஜென்டினாவில் தேசிய டாங்கோ தினம். டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தெலும் இசைக்குழுத் தலைவர் ஹூலியோ தெ காரோவும் பிறந்த தேதி அது.

நாற்காலிகளை எல்லாரும் சேர்ந்து அடுக்குங்கள். அடுத்த வாரப் பட்டியலை யார் போடுவது, சாவியை யார் வாங்குவது என்பதை அடுக்கும்போதே கேட்டு முடிவுசெய்துவிடுங்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில் கேட்டால் யாரும் கை தூக்க மாட்டார்கள்.