இங்கிலாந்துக்குக் கிளம்பும் டெல்டா பிள்ளைகளுக்கு: பீரோவுக்குப் பின்னால் பாருங்கள்

ஈ-விசா, வங்கிக் கணக்கு, ஜிபி எனப்படும் வட்டார மருத்துவரிடம் பதிவு இதெல்லாம் பல்கலைக்கழகத்திலேயே சொல்லிவிடுவார்கள். வீட்டு டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. கட்டிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். சரி, இனி அங்கே பழைய வாடகை வீடுகளின் சுவரில் குளிர்காலத்தில் பூக்கும் பூஞ்சைக்கு வருவோம்.

என் நண்பர் மன்னார்குடிக்காரர். கிழக்கு லண்டனில் பழைய செங்கல் வீடு ஒன்றில் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார். குளிர் வந்ததும் ஜன்னல் சட்டத்தின் மேலே இருந்த காற்றுத் துவாரங்களை டேப் ஒட்டி அடைத்தார். கேஸ் பில்லுக்குப் பயந்து ஹீட்டிங்கை ஓர் அறையில் மட்டும் போட்டார். ஈரத்துணி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல், அடுப்பில் இட்லிப் பானை. தை மாதம் பீரோவை நகர்த்தினால் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை. உள்ளே இருந்த திருபுவனம் கல்யாணப் பட்டும் பூத்துப் போயிருந்தது. 'உங்கள் சமையல்தான் காரணம்' என்று வீட்டுக்காரர் டெபாசிட்டில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐப்பசி அடைமழையில் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப்போடுகிறோம், குழந்தைத் துணியைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்துகிறோம். கும்பகோணத்துப் பழைய வீடுகளில் முற்றமும் நாட்டு ஓட்டின் இடுக்குகளும் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். இங்கிலாந்துப் பழைய வீட்டுக்கும் அப்படி ஒரு வழி இருந்தது. அறைக்கு அறை குளிர்காயும் நிலக்கரி அடுப்பு எரிந்தது, புகைபோக்கி ஈரக்காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. 1960, 70களில் வடகடல் கேஸ் வந்து, வீடு முழுக்கச் சூடாக்கும் சென்ட்ரல் ஹீட்டிங் பரவியது. பல வீடுகளில் அந்தக் கரி அடுப்பை அடைத்தார்கள், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டார்கள். சுவர் மட்டும் நம் கொத்தனார் கட்டுகிற அதே ஒன்பது இஞ்ச் செங்கல். வெளியே உறைகிற குளிர், உள்ளே இட்லி ஆவி. அந்த ஆவி சில்லென்ற மூலையில் போய்த் தண்ணீராகப் படிகிறது. 1920களுக்குப் பிறகு பரவலான நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவரில், உள்ளே குளிர் தடுக்கும் பஞ்சு அடைத்திருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே துவாரத்தை அடைக்காதீர்கள். எல்லா அறையிலும் கொஞ்சமாவது சூடு இருக்கட்டும். சமைக்கும்போது மூடி போட்டு, கதவைச் சாத்தி, ஆவியை வெளியே தள்ளும் மின்விசிறியைப் போடுங்கள். துணியைக் குளியலறையில் அதே மாதிரி கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டுக் காயவையுங்கள். பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரப்பதமானி ஒன்று மலிவாகக் கிடைக்கும், அது 60 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நல்லது. வீடு பார்க்கும்போதே, ஆற்றல் சிக்கனத்தை A முதல் G வரை மதிப்பிடும் ஆற்றல் சான்றில் (EPC) என்ன எழுத்து என்று கேளுங்கள். விலக்கு இல்லாத வீட்டை 'E'-க்குக் கீழே வாடகைக்கு விடக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு பூஞ்சை வந்தால் பழியை ஏற்காதீர்கள். இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020-இல் இறந்தது. வீட்டுப் பூஞ்சையே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை முடிவு சொன்னது. அங்கேயும் முதலில் குடும்பத்தின் வாழ்க்கைமுறையைத்தான் குறை சொன்னார்கள். ஆபத்தான ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வைக்கிற, அவன் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபரில் சமூக வாடகை வீடுகளுக்கு (நகராட்சியும் வீட்டுவசதிச் சங்கங்களும் விடும் வீடுகள்) நடைமுறைக்கு வந்துவிட்டது.

குடிபுகும் அன்றே நான்கு மூலைகளையும் படம் எடுத்து மின்னஞ்சலில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். ஈரம் தெரிந்தால் போனில் சொல்லாமல் எழுத்தில் சொல்லுங்கள். டெபாசிட் தகராறு வந்தால் பாதுகாப்புத் திட்டத்தின் நடுவர் காசு வாங்காமல் விசாரிப்பார். அவர் பார்ப்பது இந்தப் படங்களையும் கடிதங்களையும்தான்.