புற்றுநோய் டாக்டரிடம் கேள்வி கேட்கப் பழகுவது எப்படி?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பெரிய டாக்டரைப் பார்க்கப் போனோம். மூன்று மணி நேரம் காத்திருந்து ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தோம். "என்ன சொன்னார்?" என்று வராந்தாவில் அப்பா கேட்டார். எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. அடுத்த முறை போவதற்குள் கற்றுக்கொண்டவை இவை.

முதலில் ஃபைல். காகிதங்களைத் தேதிவாரியாக, புதியது மேலே வரும்படி அடுக்குங்கள். பயாப்சி (கட்டியிலிருந்து சிறு சதையை எடுத்துச் செய்யும் பரிசோதனை) அறிக்கைக்குத் தனி உறை. வேறு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் அறிக்கை மட்டும் போதாது. சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். அங்கே மறுபடி பரிசோதித்துப் பார்ப்பார்கள். இது தெரியாமல் பழைய லேபுக்கும் புதிய இடத்துக்குமாக ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் அலைந்தோம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்தது கேள்விகள். மூன்று போதும், அதற்கு மேல் அந்த ஐந்து நிமிடம் தாங்காது. நோய் எந்த நிலையில் இருக்கிறது? சிகிச்சை குணப்படுத்துவதற்கா, கட்டுப்படுத்தி வைப்பதற்கா? வேறு வழி என்ன இருக்கிறது? இரண்டாவதைக் கேட்கத்தான் நாக்கு எழாது. ஆனால் மற்ற முடிவுகளெல்லாம் அந்தப் பதிலை வைத்துத்தான். மார்பகப் புற்றுநோய் என்றால் இ.ஆர்., பி.ஆர். (கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்று காட்டுபவை), ஹெர்2 (அந்தப் பெயருள்ள புரதம் கட்டியில் அதிகமா என்று காட்டுவது) சோதனை முடிவுகளையும் கேளுங்கள். மருந்து அவற்றைப் பொறுத்தே அமையும்.

எழுந்திருப்பதற்கு முன் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். "நான்கு கீமோ, பிறகு ஆபரேஷன், சரிதானே டாக்டர்?" என்றேன். "ஆபரேஷனுக்குப் பிறகும் கீமோ இருக்கிறதம்மா" என்றார். கேட்காமல் வந்திருந்தால் நான்கோடு முடிந்தது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்கத் தயங்காதீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நோயாளியை வைத்துக்கொண்டே அவருடைய தலைக்கு மேல் பேசாதீர்கள். "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று சித்தப்பா டாக்டரிடம் கண் காட்டினார். வாசலில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் பலகை. அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரையே கேட்டுவிடுங்கள்.

பணம்: தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் காட்டி, இந்தச் சிகிச்சைக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். பில் வந்தபிறகு அட்டையை நீட்டினால் தகராறுதான். சிகிச்சைக்கு ரயிலில் போகிறவர்களுக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் டாக்டரின் கையெழுத்து வேண்டும்.

கடைசியாகக் காய்ச்சல். கீமோ நாட்களில் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதே அவசரம். பாரசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவில் எந்த எண்ணில் கூப்பிடுவது என்று முதல் கீமோ அன்றே கேட்டு, தெர்மாமீட்டர் உறையிலேயே ஒட்டி வையுங்கள். அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாக, "கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார், கடைசி ஊசி இந்தத் தேதி, காய்ச்சல் இவ்வளவு" என்று சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்றால் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள்.