துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு எந்தக் கவிதை? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கவிதையை வைத்துப் பிள்ளைகளோடு வேலை செய்ய இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். தமிழாசிரியர்கள், சமூகப்பணி படித்தவர்கள், உளவியல் மாணவர்கள். அவர்களுடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கும்போது, ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். நீளமான கவிதையை எடுப்பது, அவசரமாக வாசிப்பது போன்றவை நாலு வகுப்பு எடுத்தால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். யாராவது சொன்னால்தான் தெரியும் என்கிற தவறுகள் மட்டும் இங்கே.

துக்கத்துக்கு முன்னால் தன்னம்பிக்கைக் கவிதையை நீட்டுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான்.

ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண். அப்பா இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. புதிதாக வந்திருந்த பயிற்சியாளருக்கு அது தெரியும்; நல்ல மனசோடுதான் வந்தார். ‘விழுந்தால் எழு, இருட்டுக்குப் பின் விடியல்’ என்கிற ரகத்தில் ஒரு கவிதையை உரக்க வாசித்தார். வகுப்பே கைதட்டியது. அந்தப் பெண் எழுந்து நின்று சிரித்து, நன்றி சொன்னாள். பயிற்சியாளர் மகிழ்ச்சியோடு வெளியே வந்தார்.

விலை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. அதன் பின் அவள் எழுதியதெல்லாம் ‘வாழ்க்கை ஒரு பூந்தோட்டம்’ மாதிரியான வரிகள். இந்த வகுப்பில் எதற்குக் கைதட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பேசுவதற்கு அவளுக்கு இருந்த ஒரே இடத்தையும் நாமே அடைத்துவிட்டோம்.

இசையால் சிகிச்சை செய்பவர்களிடம் ஒரு பழைய விதி உண்டு: கேட்பவர் இப்போது இருக்கும் மனநிலைக்கு இசைந்த இசையில் தொடங்கி, அங்கிருந்து மெல்ல நகர வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் ஜாக் லீடி 1960-களில் இதைக் கவிதைக்கும் கொண்டுவந்தார். சோர்ந்திருப்பவருக்குச் சோர்வு தெரிந்த கவிதை. கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: அந்தக் கவிதை நம்பிக்கையே இல்லாமல் முடிந்துவிடக் கூடாது, சாவைத் தீர்வாகக் காட்டக் கூடாது.

இந்த விதியை நாம் கடல் கடந்து போய்க் கற்க வேண்டிய அவசியமே இல்லை. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று யாரும் ஒப்பாரி பாடியதில்லை. இறந்தவர் என்னவெல்லாம் செய்தார், இனி எதெல்லாம் நடக்காது என்றுதான் வரிக்கு வரி போகும். ஒருத்தி பாட, மற்றவர்கள் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து அழுவார்கள். புறத்திணையில் கையறுநிலை என்று இதற்கு ஒரு துறையே இருக்கிறது.

நான் திரும்பத் திரும்ப எடுப்பது புறநானூற்றின் 112-ஆம் பாட்டு. பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டு, பாரி மாண்ட பின் அவன் மகள்கள் பாடியது. ஐந்தே அடி. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்’ எங்களுக்குத் தந்தை இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது. ‘இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்’ குன்றும் போனது, தந்தையும் இல்லை. அவ்வளவுதான். அழுதோம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. யாரும் வந்து தேற்றவும் இல்லை. நிலா மட்டும் அதே நிலா.

இந்தப் பாட்டில் இழப்பு இரண்டு என்பதைக் கவனியுங்கள். தந்தை போனார், குன்றும் போனது. அதனால் அப்பாவை இழந்த பிள்ளை ஒருத்தியை மட்டும் வகுப்பு திரும்பிப் பார்க்காது. வாடகை வீட்டைக் காலி செய்தவன், ஊரை விட்டு வந்தவன், தோழி வேறு பள்ளிக்குப் போய்விட்டதால் தனியாகிவிட்டவள் எல்லோருக்கும் உள்ளே வர வழி இருக்கிறது. வாசித்த பிறகு விளக்கம் வேண்டாம். ‘அன்னைக்கு’ என்று ஒரு வரி, ‘இன்னைக்கு’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மாதங்கள் கழித்து, வேறொருவர் எடுத்த வகுப்பில் அதே பெண் எழுதினாள்: ‘அன்னைக்கு வண்டிச் சத்தம் கேட்டா ஓடிப்போய்க் கதவத் தொறப்பேன். இன்னைக்கும் சத்தம் கேக்குது. அது பக்கத்து வீட்டு வண்டி.’ யாரும் கைதட்டவில்லை. பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

‘மனதில் உறுதி வேண்டும்’ போன்ற பாட்டுக்கும் நேரம் வரும். அந்த நேரத்தைப் பிள்ளைதான் காட்ட வேண்டும்.

நயம் பாராட்டச் சொல்வது

மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சுவை என்று தேர்வுக்கு வாய்ப்பாடு போல எழுதிப் பழகிய பிள்ளைகள் இவர்கள். கவிதையை நீட்டினாலே மோனையைத் தேடிக் கோடு போடுவார்கள். அந்தப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. அதற்கு வேறொரு பாடவேளை இருக்கிறது. இங்கே கேட்க வேண்டியது, ‘எந்த வரியில நின்னுட்ட?’ என்பது மட்டும். ஏன் என்றுகூட உடனே கேட்காதீர்கள்.

எதுகையும் செந்தமிழும் கேட்பது

1960-களின் கடைசியில் கவிஞர் கென்னத் கோக் நியூயார்க்கின் ஓர் ஆரம்பப் பள்ளியில் கவிதை சொல்லிக்கொடுத்தபோது, எதுகை வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். ஒலி பொருந்தும் சொல்லைத் தேடப்போனால் சொல்ல வந்தது தொலைந்துபோகும் என்பது அவர் அனுபவம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வரியையும் ‘எனக்கு ஆசை’ என்று தொடங்கச் சொன்னார். திரும்ப வரும் அந்தத் தொடக்கமே பாட்டுக்கு வேண்டிய தாளத்தைக் கொடுத்துவிட்டது.

நம் வகுப்பில் இன்னொரு தடை சேர்ந்துகொள்கிறது. ‘தந்தையார் காலமானார்’ என்று எழுதும் பிள்ளை, வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. ‘எங்கப்பா செத்துட்டாரு’ என்று எழுத விடுங்கள். திருநெல்வேலிப் பேச்சோ கொங்குப் பேச்சோ, வாயில் வருவது தாளில் வரட்டும்.

பிழை திருத்துவது

சிவப்பு மையைத் தொடாதீர்கள்.

எழுதி முடித்ததும் மணியடிக்க விடுவது

1986-இல் வெளியான, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களைப் பாதித்த நிகழ்வுகளைப் பற்றி நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். கவிதை இல்லை, உரைநடைதான். மனதில் இருந்ததையும் சேர்த்துக் கொட்டியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. புதிதாக வருபவர்கள் இந்த நல்ல முடிவை மட்டும் சொல்கிறார்கள். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் முன்னைவிடக் கனத்திருந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அந்தக் கனத்தோடு ஒரு பிள்ளையைக் கணக்கு வகுப்புக்கு அனுப்பக் கூடாது. கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கிவையுங்கள். தண்ணீர் குடிக்கட்டும், எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடட்டும்.

எல்லோரையும் வாசிக்கச் சொல்வது

விரும்பியவர் மட்டும். இதை எழுதத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கவிதையே போதும் என்று நம்புவது

சில தாள்களில் வருவது நம் கைக்கு மீறியது. சாக வேண்டும் என்ற எண்ணமோ, வீட்டில் யாரோ தொடுகிறார்கள் என்ற செய்தியோ தென்பட்டால் அதைக் கவிதை என்று ரசித்து மடித்துவைக்காதீர்கள், ‘ரகசியமா வெச்சுக்கறேன்’ என்று வாக்கும் கொடுக்காதீர்கள். பிள்ளையைத் தனியாக விடாமல், இதை யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்று முதலில் அந்தப் பிள்ளையிடமே சொல்லுங்கள். பிறகு பள்ளிப் பொறுப்பாளரிடமும் மனநல ஆலோசகரிடமும் அன்றைக்கே பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098; இரண்டிலும் எந்நேரமும் அழைக்கலாம். வகுப்புக்குப் போகும் முன்பே இந்த எண்கள் உங்கள் போனில் இருக்க வேண்டும்.