கண்டெய்னருக்கு முன் கன்ஸ்ட்ரக்டர்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரசீது கிளாஸ் தனக்கான டேட்டாபேஸ் இணைப்பைத் தானே நியூ போட்டு உருவாக்க வேண்டாம். கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) வழியாகக் கேட்டு வாங்கட்டும். இதற்குப் பெயர்தான் டிபென்டென்சி இன்ஜெக்ஷன். ஆலை பெங்களூரா மாங்காயைத் தானே விளைவிக்காமல் மண்டியில் வாங்குவது போலத்தான்.

முதலில் கண்டெய்னர் (ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கி இணைத்துத் தரும் கருவி) இல்லாமல், புரோகிராம் தொடங்கும் மெயினில் கையாலேயே இணைத்துப் பழகுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போனால் பின்னால் குழப்பம்தான். அப்புறம் மைக்ரோசாஃப்ட்டின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட்நெட் கோரில் கூடவே வரும் கண்டெய்னரில் பதிவு செய்யலாம்.

பதிவு செய்யும்போது ஆப்ஜெக்ட்டின் ஆயுட்காலத்தில் கவனம் தேவை. சிங்கிள்டன் என்றால் ஆப் ஓடும்வரை ஒரே ஆப்ஜெக்ட். ஸ்கோப்டு, ரிக்வெஸ்ட்டுக்கு ஒன்று. டிரான்சியன்ட், கேட்கும்போதெல்லாம் புதிது. ஸ்கோப்டாகப் பதிந்த டிபிகான்டெக்ஸ்ட்டை (டேட்டாபேஸோடு பேசும் ஆப்ஜெக்ட்) சிங்கிள்டனுக்குள் நுழைத்துவிடாதீர்கள். பல ரிக்வெஸ்ட்டுகள் ஒரே நேரத்தில் அதைத் தொட்டால் பிழை வரும், தேடிப் பிடிக்கவே பாதி நாள் போய்விடும்.