பயிற்சிக்கு மறுநாள் கால் வலி: நம் கையாலேயே நீவிவிடும் முறை

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளில் நான்கு தடவை ஏறி இறங்கினேன். ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன், பஸ்கி எடுக்கிறேன், கால் தாங்கும் என்ற நம்பிக்கை. அன்று ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை லேசாக இறுக்கம். செவ்வாய்க்கிழமை காலை நாகமலைப் புதுக்கோட்டை நிறுத்தத்தில் டவுன் பஸ் படியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை, கண்டக்டர் கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

அன்று இரவே வலியைப் போக்கிவிட வேண்டும் என்று வீட்டுப் பூரிக்கட்டையை எடுத்து, பலம் கொண்ட மட்டும் கெண்டைக்காலில் உருட்டினேன். வலிக்க வலிக்கத்தான் கட்டு விடும் என்று நினைத்தேன். விடிந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்றிப்போயிருந்தது. நான்கைந்து நாளில் போயிருக்க வேண்டிய வலி பத்து நாள் இருந்தது.

அதன் பிறகு தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் காட்டிக்கொடுத்ததையும், சின்ன வயதில் அப்பத்தா எங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட விதத்தையும் சேர்த்து ஒரு முறை பழகிக்கொண்டேன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை செய்கிறேன், நன்றாகக் கேட்கிறது. வார்ம் அப், ஸ்ட்ரெச்சிங் எல்லாம் உங்கள் ஜிம்மிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதற்குள் நான் போகவில்லை.

முதலில், இது எந்த வலி?

பயிற்சி முடிந்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாகவே குறையும் வலி இது. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று ஜிம்மில் எல்லோரும் சொல்வார்கள். அது சரியில்லை. பயிற்சியில் ஏறும் லாக்டேட் (அந்த அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே ரத்தத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும், மறுநாள் வலிக்கு அது காரணமாக முடியாது. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது அதன் இழைகளில் மிக நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, உடம்பு அதைச் சரிசெய்யும்போது வருகிற அழற்சிதான் இந்த வலி. அதனால்தான் மலை ஏறுவதைவிட இறங்குவதில் தொடை அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது ஒன்றும் தெரியாது, நானும் அதில்தான் ஏமாந்தேன்.

சரி, நீவிவிட்டால் என்ன நடக்கும்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 11 இளைஞர்களைக் களைத்துப்போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடைகளிலிருந்தும் துளி தசை எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன, லாக்டேட்டில் வித்தியாசமே இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஒரே ஆளின் இரண்டு காலையும் ஒப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வந்த கட்டுரை ஒன்று, மசாஜால் பலமோ, ஓட்ட வேகமோ, தாக்குப்பிடிக்கும் சக்தியோ கூடுவதாகத் தெரியவில்லை, வலியும் இறுக்கமும் கொஞ்சம் குறைகிறது என்று முடித்தது. எனக்கு அந்தக் "கொஞ்சம்" போதும். பஸ் ஏற முடிந்தால், மறுநாள் ஒரு நடை போக முடிந்தால், பயிற்சி விட்டுப்போகாது.

யார் செய்யக் கூடாது

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பயிற்சியின்போதே "சுரீர்" என்று பிடித்து நின்றுபோன இடம் என்றால் அது தசை கிழிந்திருக்கலாம், முதல் இரண்டு மூன்று நாள் அங்கே கையே வைக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் ரத்தக்கட்டி இருக்கலாம், நீவாமல் உடனே டாக்டரிடம் போங்கள். கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி. தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது, மதுரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் புதிதாகப் பயிற்சி எடுப்பவர்களுக்கு வர வாய்ப்பு உண்டு.

என்னென்ன வேண்டும்

எண்ணெய், பழைய கைலி ஒன்று, ரப்பர் பந்து அல்லது பழைய டென்னிஸ் பந்து, பூரிக்கட்டை.

எண்ணெயில் என் ஓட்டு செக்கு நல்லெண்ணெய்க்குத்தான், கனமாக இருப்பதால் சீக்கிரம் காயாது, கை வழுக்கிக்கொண்டு போகும். வாசனை பிடிக்காதவர்கள் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்ளலாம். எந்த எண்ணெயும் தோலைத் தாண்டித் தசைக்குள் இறங்கி வேலை செய்யப் போவதில்லை, கை உராயாமல் இருக்கத்தான் எண்ணெய், அதனால் விலை கூடிய தைலத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். எரிச்சல் தரும் வலி மருந்துகளைப் பூசிவிட்டு நீவுவதும் எனக்கு உடன்பாடில்லை. அந்த எரிச்சலில் நாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாமல் போய்விடுகிறது.

பூரிக்கட்டை என்றால் கைப்பிடி தனியாக நிற்க, நடுக்கட்டை மட்டும் உருளும் வகை. ஒரே மரத்தில் கடைந்தது தோலை இழுக்கும். சமையலறைக் கட்டையை எடுக்காமல் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோம் ரோலர் (உடம்புக்கு அடியில் போட்டு உருளும் உருளை) நல்லதுதான், ஆனால் தரையில் கையூன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அதிலேயே தோள் வலித்துவிடும். மசாஜ் கன் (தசையை அதிர்ந்து தட்டும் கருவி) நண்பரிடம் வாங்கி இரண்டு வாரம் பார்த்தேன். தொடைக்குச் சுகமாக இருந்தது, ஆனால் தசை இறுகிக் கட்டியிருக்கும் இடத்தைக் கை கண்டுபிடிப்பதுபோல அது கண்டுபிடிக்காது.

படி 1: நேரம்

பயிற்சி அன்று சாயங்காலமே ஒரு தடவை, மிக லேசாக. வலி உச்சத்தில் இருக்கும் இரண்டாவது நாளும் லேசாகத்தான். கொஞ்சம் அழுத்தமாகச் செய்வதெல்லாம் மூன்றாவது நாளுக்கு மேல். நான் எல்லாவற்றையும் இரண்டாவது நாளே செய்ததுதான் தப்பாகப் போனது.

படி 2: எண்ணெய் தடவி உருவுதல்

வெந்நீர்க் கிண்ணத்துக்குள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். சுவரில் சாய்ந்து, கைலியை விரித்து, ஒரு காலை மடக்கி உட்காருங்கள். கரண்டையிலிருந்து முழங்காலை நோக்கி உள்ளங்கையை முழுதாகப் பதித்து மேலே உருவுங்கள், திரும்பி வரும்போது கை சும்மா தொட்டுக்கொண்டு வந்தால் போதும். "மேலத்தான் உருவணும், கீழ இழுக்காதய்யா" என்று அப்பத்தா சொல்லும். காலின் சிரைகளில் ரத்தம் மேலே மட்டும் போகும்படி வால்வுகள் இருக்கின்றன, கையும் அதே திசையில் போவது நல்லது. ஒரு நிமிடம் போதும்.

படி 3: கெண்டைக்கால், எவ்வளவு அழுத்துவது

நான் தடுக்கி விழுந்த இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முழங்காலை மடக்கி வைத்தால் கெண்டைச் சதை தொளதொளவென்று தொங்கும். இரண்டு கையாலும் சப்பாத்தி மாவு பிசைவதுபோல, சதையை எலும்பிலிருந்து பக்கவாட்டில் தூக்கிப் பிடித்து விட வேண்டும். எலும்பைப் பார்த்து அமுக்கக் கூடாது, தூக்க வேண்டும். குதிகாலுக்கு மேலிருந்து தொடங்கி மெதுவாக மேலே வாருங்கள், முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழிக்கு நான்கு விரல் கீழேயே நிறுத்திவிடுங்கள். அந்தக் குழியில் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் மேலாகவே ஓடுகின்றன, அங்கே அழுத்தவே கூடாது.

வரும் வழியில் பாக்கு அளவில் ஒரு கட்டு தட்டுப்படும். கட்டைவிரலை அதன் மேல் வைத்துச் சும்மா இருங்கள், தேய்க்க வேண்டாம். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று நீங்களே மதிப்பிட்டால் நான்கைத் தாண்டக் கூடாது. எண் பிடிபடவில்லை என்றால் மூச்சைக் கவனியுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா, கால்விரல் மடங்குகிறதா, பல்லைக் கடிக்கிறீர்களா, இதில் ஒன்று இருந்தாலும் அழுத்தம் அதிகம். வலி கூடினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும், அந்த இறுகிய தசையோடு நாம் மல்லுக்கட்டினால் ஏற்கெனவே புண்பட்ட இடம் கன்றிப்போகும், எனக்கு நடந்தது அதுதான். சரியான அழுத்தத்தில் வைத்து, ஐந்தாறு தடவை மெதுவாக மூச்சு விட்டால் விரலுக்கடியில் அது இளகுவது தெரியும். இளகவில்லையா, விட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள். ஒரு காலுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

படி 4: தொடை

இங்கேதான் பூரிக்கட்டை. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் சில்லுக்கு மூன்று விரல் மேலிருந்து இடுப்பை நோக்கி உருட்டுங்கள். கட்டையின் எடையோடு கையின் எடை சேர்ந்தால் போதும், தோளிலிருந்து தள்ள வேண்டாம். முன்தொடையை உள், நடு, வெளி என்று மூன்று கோடாகப் பிரித்து, கோட்டுக்கு அரை நிமிடம். தொடையின் வெளி ஓரத்தில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை கெட்டியான பட்டை ஒன்று போகும், அது தசை இல்லை, எவ்வளவு உருட்டினாலும் இளகாது, வலிதான் மிச்சம். உள்தொடையில் கட்டை வேண்டாம், கை மட்டும். பின்தொடைக்கு நாற்காலி நுனிக்கு வந்து, சதையைக் கையால் அடியிலிருந்து பிடித்துப் பிசைந்தால் போதும்.

படி 5: பிட்டமும் பாதமும்

படி இறங்கியவர்களுக்குப் பிட்டத்திலும் பிடிப்பு இருக்கும், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். சுவருக்கும் பிட்டத்துக்கும் நடுவில் பந்தை வைத்துச் சாய்ந்து, முழங்காலை மடக்கி மடக்கி நீட்டினால் பந்து தானாக உருளும். காலுக்குள் மின்சாரம் பாய்வதுபோல இருந்தால் பந்து நரம்பில் இருக்கிறது, இடம் மாற்றுங்கள். பாதத்துக்கு அதே பந்தைத் தரையில் போட்டு மிதித்து உருட்டலாம்.

படி 6: எழுந்து நடங்கள்

முடிந்ததும் படுத்துவிடாமல் பத்து நிமிடம் நடந்துவிட்டு, இளஞ்சூட்டு வெந்நீரில் குளியுங்கள். பாதத்தில் எண்ணெய் இருக்கும், டைல்ஸ் தரையில் காலை வைக்குமுன் கைலியில் அழுத்தித் துடையுங்கள், இதை மறந்தால் பெரிய ஆபத்து. பயத்தமாவு போட்டால் எண்ணெய் நன்றாகப் போகும். அப்புறம் உப்புப் போட்ட நீராகாரம் ஒரு சொம்பு, இரவுக்கு அவித்த முட்டையோ சுண்டலோ, ஏழெட்டு மணி நேரத் தூக்கம். தூக்கம் கெட்டால் எவ்வளவு நீவினாலும் வலி இழுத்துக்கொண்டே போகிறது, இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

பின்சேர்க்கை, வைகாசி: எழுதிய பிறகு வந்த கேள்விகள் சிலவற்றை இங்கேயே சேர்க்கிறேன்.

சர்க்கரை நோய் உள்ள ஒரு ஐயா, தெப்பக்குளத்தைச் சுற்றி தினமும் நடக்கிறேன், இதைச் செய்யலாமா என்று கேட்டிருந்தார். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் எண்ணெய் சுடுவதும் தெரியாது, அழுத்தம் கூடுவதும் தெரியாது. உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, சூடு பண்ணாத எண்ணெயில் கையால் மட்டும் தடவுங்கள் ஐயா, பந்தும் கட்டையும் வேண்டாம். நீவி முடித்துப் பாதத்தில் புண், கீறல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் ஒரு அக்கா, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்தச் சுருண்ட இடத்தின் மேல் அழுத்தவோ உருட்டவோ கூடாது அக்கா. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருங்கள்.

தொடையில் சிறு சிறு கொப்புளம் வருகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். எண்ணெயோடு அப்படியே தூங்கியிருக்கிறார்கள். முடி வளரும் திசைக்கு எதிராக அழுத்தித் தேய்த்தாலும் இப்படி வரும். எண்ணெயைக் குறைத்து, குளித்துவிட்டுப் படுங்கள்.

ஆனி: சிலம்பம் பழகும் பத்து வயதுப் பையனுக்கு எப்படி என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். படி 2 மட்டும், உள்ளங்கையால், அவன் போதும் என்று சொல்லும்வரை. எழுந்ததும் முழங்கால் மூட்டே வலிக்கிறது, நொண்டி நடக்கிறான் என்றால் அது தசை வலி இல்லை, நீவாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.