ஊசி குத்திவிட்டால் நோயாளியின் ரத்தப் பரிசோதனையில் செய்யக் கூடாதவை

நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடப் போகும்போது மருத்துவமனை ஊழியரின் கை வழுக்குகிறது. கையுறைக்குள் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. உடனே பலரும் விரலைப் பிதுக்குவார்கள், பிளீச்சிங் கரைசலைத் தேடுவார்கள். இரண்டும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் தெறித்திருந்தால் வெறும் தண்ணீரால் நன்றாக அலச வேண்டும். அப்புறம் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும், அன்றைக்கே.

அடுத்தது, அந்த ஊசி யாருக்குப் போடப்பட்டதோ அந்த நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதிப்பது. ‘ஆள் பார்க்க ஆரோக்கியமாத்தானே இருக்கார்’ என்று விட்டுவிடுவதை நான் அதிகம் பார்க்கிறேன். எச்.ஐ.வி.யோ, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸோ முகத்தில் தெரியாது. எச்.ஐ.வி. மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைவதும் தவறுதான். எச்.ஐ.வி. உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம் வரை போகும். ஹெபடைடிஸ் சி-யையும் சேர்த்து மூன்றையும் கேளுங்கள். ஊசியையே லேபுக்கு அனுப்புவதில் பயனில்லை. அந்த முடிவை நம்ப முடியாது.

நோயாளிக்குத் தெரியாமல் ரத்தம் எடுக்காதீர்கள். காயம்பட்டவரே போய்க் கேட்கவும் வேண்டாம். பதற்றத்தில் அது குற்றச்சாட்டு மாதிரி ஒலிக்கும். வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘எங்க ஊழியர் ஒருத்தருக்கு ஊசி குத்திடுச்சு. உங்க மேல சந்தேகம் இல்லை, யாரா இருந்தாலும் இதைத்தான் கேட்போம்’ என்று மெல்லச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். முடிவை அவரிடமும் சொல்லுங்கள். கட்டிலில் தொங்கும் அட்டையில் எழுதி வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட மோசம், அந்த முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடுவது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்று மருத்துவர் சொன்னால் சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம்தான் கெடு. நோயாளிக்குத் தொற்று இல்லை என்று பின்னால் தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம், இல்லையென்றால் 28 நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ஆனால் நோயாளிக்கு அண்மையில் தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், நெகட்டிவ் முடிவை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது. புதிய தொற்று சோதனையில் தெரிய சில வாரங்கள்கூட ஆகலாம்.

இந்த அமளியில் ஊழியரின் சொந்த ரத்தத்தை எடுக்க மறந்துவிடுகிறார்கள். சம்பவத்தை ஒட்டி எடுத்த அந்த முதல் மாதிரி இருந்தால்தான், பிறகு தொற்று தெரிந்தால் அது முன்பே இருந்ததில்லை என்று காட்ட முடியும்.