ஆண்டு முடிவில் வாசிப்புக் கணக்கு: எங்கே தப்பு நடக்கிறது?

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், 'இந்த ஆண்டு படித்த புத்தகங்கள்' பட்டியல்கள் வரிசை கட்டும். பழக்கம் நல்லதுதான். ஆனால் பெரும்பாலான பட்டியல்கள் எழுதியவருக்கே உதவுவதில்லை. 38, 52 என்று ஓர் எண் இருக்கும், அட்டைப்படங்கள் இருக்கும். அந்த ஆண்டு அவருடைய வாசிப்பில் என்னதான் நடந்தது என்பது மட்டும் இருக்காது.

பெரிய தவறு எண்ணிக்கையில்தான் இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' முழுவதையும் படித்தவர் கணக்கில் 1 என்று போடுவாரா, 5 என்று போடுவாரா? 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ஒரே கதை அது. ஐந்து பாகம் என்பதால் 5 என்றாலும் நியாயம்தான். மகாபாரதத்தை நாவல் வரிசையாகத் திரும்பச் சொல்லும் ஜெயமோகனின் 'வெண்முரசு' இன்னும் சிக்கல், மொத்தம் 26 தடித்த நாவல்கள். அதில் இரண்டே நாவலைப் படித்துவிட்டு ஆண்டை முடித்தவரும், அறுபது பக்க வெளியீடுகளாக இருபது முடித்தவரும் ஒரே பட்டியலில் போட்டி போட முடியுமா? 'சரி, பக்கத்தைக் கூட்டிவிடலாம்' என்றால் அதுவும் ஒத்துவராது. கவிதைத் தொகுப்பில் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் இருக்கும், அதற்கு ஒரு மாலைப் பொழுது போயிருக்கும்.

படித்த புத்தகங்களைப் பதிந்துவைக்கும் குட்ரீட்ஸ் போன்ற தளங்களில் ஆண்டு இலக்கு வைப்பவர்களுக்கு இது இன்னும் மோசமாகிறது. நவம்பரில் இலக்குக்குப் பத்து குறைகிறது என்று தெரிந்தால் கை தானாகவே மெல்லிய புத்தகங்களைத் தேடும். போதாததற்கு, முடித்த தேதியைப் பதியாத புத்தகம் அங்கே கணக்கிலேயே ஏறாது. அந்த எண்ணைப் பார்த்து 'இந்த ஆண்டு சரியாகவே படிக்கவில்லை' என்று நொந்துகொள்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் எண்ணிக்கையை ஓரத்தில் எழுதிவிட்டு மறந்துவிடலாம்.

அடுத்தது, எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதுவது. டிசம்பரில் உட்கார்ந்து யோசித்தால் அக்டோபர், நவம்பரில் படித்தவைதான் முன்னால் வந்து நிற்கும். மார்ச்சில் படித்துப் பிரமித்துப்போன நாவல் ஞாபகத்துக்கே வராமல் போகலாம். தேதி போட்டு நோட்டில் எழுதும் பழக்கம் இல்லாதவர்களுக்கும் தடயங்கள் உண்டு. கிண்டில் கருவியில் நீங்கள் அடிக்கோடிட்ட வரிகள் தேதி, நேரத்தோடு ஒரு கோப்பில் சேர்ந்திருக்கும். புத்தகக் கடைக்கு ஜிபே செய்த பணம் பரிவர்த்தனைப் பட்டியலில் இருக்கும். நண்பருக்கு வாட்ஸப்பில் 'இதைக் கட்டாயம் படி' என்று அனுப்பிய பக்கத்தின் புகைப்படமும் இருக்கும். இவற்றில் கடைசியில் சொன்னதுதான் அசல் சாட்சி. பணம் கொடுத்ததால் படித்துவிட்டோம் என்று ஆகிவிடாது. வாங்கியதையும் படித்ததையும் குழப்பிக்கொள்வது தனித் தவறு, அதை விவரிக்கத் தேவையில்லை, அலமாரியே சொல்லும்.

பலரும் வெட்கப்பட்டு மறைப்பது பாதியில் வைத்த புத்தகங்களை. என் பார்வையில் ஆண்டுக் கணக்கிலேயே அதிகம் பேசுவது அவைதான். ஒரு புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்: 112ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியிருக்கிறது, அதற்கு முன்பு பென்சில் கோடுகள் அடர்த்தியாக இருக்கின்றன, அதன் பிறகு ஒன்றுமில்லை. ஏன் நின்றது? மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்ததா? எழுத்து பொடியாக அச்சாகிக் கண் வலித்ததா? தொள்ளாயிரம் பக்கக் கட்டியான புத்தகம், படுத்துக்கொண்டு பிடிக்கக் கை நோகிறதா? அல்லது வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத வாரமா? 'பிடிக்கவில்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் இந்தக் காரணங்கள் எல்லாம் காணாமல் போய்விடும். காரணம் தெரிந்தால் அடுத்து செய்ய வேண்டியதும் தெரியும்: வேறு மொழிபெயர்ப்பு தேடலாம், மின்னூலாக வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், அல்லது நிம்மதியாக யாருக்காவது கொடுத்துவிடலாம்.

முடித்த அன்றே ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு அதையே ஆண்டு முடிவிலும் நம்புவதும் சரியல்ல. கடைசி அத்தியாயத்தின் சூடு அது. ஆறு மாதம் கழித்து, புத்தகத்தைத் திறக்காமல் அதிலிருந்து ஒரு காட்சியையோ ஒரு வாதத்தையோ சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஐந்து நட்சத்திரம் வாங்கியவற்றில் சில அப்படியே ஆவியாகியிருக்கும். எரிச்சலோடு மூன்று கொடுத்த ஒன்று பேச்சில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்.

அப்புறம், பட்டியலை அழகுபடுத்துவது. இரயிலில் படித்த பாக்கெட் நாவலை விட்டுவிட்டு, தத்துவ நூல் முன்னுரையை மட்டும் படித்திருந்தாலும் சேர்ப்பது. மறுவாசிப்பு, சிற்றிதழில் படித்த ஒற்றைச் சிறுகதை, பிள்ளைக்குப் படித்துக்காட்டிய கதைப் புத்தகம், எதையும் தள்ள வேண்டாம். நாலு பேர் பார்க்கும் பட்டியல் தனி, நீங்கள் பார்க்கும் பட்டியல் தனி என்று இரண்டாக வைத்துக்கொள்வதில் குற்றமில்லை.

கடைசியாக, கணக்கை எப்போது முடிப்பது என்பது. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கிறது. நந்தனம் மைதானத்தில் 10 சதவீதக் கழிவைப் பார்த்து இரண்டு பை நிறைய வாங்கி வந்த பிறகு கணக்குப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அதற்கு முன்பே பார்த்தால் காசுக்கு நல்லது. சென்ற ஆண்டு வாங்கியதில் பிரிக்காமலே கிடப்பது எந்த வகை, பாதியில் நின்றது எந்த வகை, எந்த எழுத்தாளரை முடித்த கையோடு இன்னொன்று தேடினீர்கள் என்று மூன்று வரி எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். சரித்திர நாவல் மூன்று பிரிக்காமல் இருக்கிறது என்றால் அந்த அரங்கின் முன்னால் நிற்காமல் நடந்துவிடலாம்.